பெயர் பொருந்தினால் போதுமா?

நெஃப்ட் மூலம் பணம் அனுப்பும் படிவத்தில் ‘பெறுபவர் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. இனிஷியல் விட்டுப்போகாமல், பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் அதை நிரப்புவோம். ஆனால் பணம் போய்ச் சேருவதில் அந்தப் பெயருக்குப் பல ஆண்டுகளாக ஒரு வேலையும் இருக்கவில்லை. 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. மின்னணு வழியில் வரும் தொகையைக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைத்துவிடலாம், பெயரை ஒப்பிட வேண்டியதில்லை, எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புபவரின் பொறுப்பு. காரணமும் அதிலேயே இருந்தது: இந்தியாவில் ஒரே ஆளின் பெயர் பல விதமாக எழுதப்படுகிறது, படிவத்திலுள்ள பெயரையும் வங்கிப் பேரேட்டிலுள்ள பெயரையும் அச்சு அசலாகப் பொருத்திப் பார்ப்பது பெரும்பாடு.

அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். பொருந்தாத ஒவ்வொரு பெயரையும் ஓர் ஊழியர் உட்கார்ந்து சரிபார்த்தால், மின்னல் வேகத்தில் போக வேண்டிய பணம் மாட்டுவண்டியில் போகும். ஆனால் அந்த முடிவு ஓர் இடைவெளியைத் திறந்துவிட்டது. மணியார்டர் காலத்தில் தபால்காரர் ஆளைப் பார்த்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெறுபவர் யார் என்பது அவருக்கு முகமாகத் தெரிந்திருந்தது. கணினிக்கு முகம் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்தான். அனுப்புகிற மனிதருக்கோ எண் ஒன்றும் சொல்வதில்லை. அவர் நினைவில் இருப்பது பெயர். மனிதர் பெயரை நம்பி அனுப்புகிறார், இயந்திரம் எண்ணைப் பார்த்துச் சேர்க்கிறது. இரண்டும் ஒருவரையே குறிக்கின்றனவா என்று யாரும் கேட்காத அந்த இடத்தில்தான் மோசடிக்காரர் வந்து உட்கார்ந்தார். வழக்கமாகச் சரக்கு அனுப்பும் வியாபாரியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்.’ பெயர் வியாபாரியுடையது, எண் திருடனுடையது. வங்கி எண்ணை மட்டும் படித்தது.

இங்கே கைத்தவறையும் மோசடியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கைத்தவறைப் பிடிக்கக் கணிதம் எப்போதோ வழி கண்டுவிட்டது. ஐரோப்பிய நாடுகள் பயன்படுத்தும் ஐபான் கணக்கு எண்ணில், நாட்டுக் குறியீட்டை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் சோதனை இலக்கங்கள். எண்ணின் முதல் நான்கு குறிகளைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து, எழுத்துகளுக்குப் பதில் 10 முதல் 35 வரையான எண்களை இட்டு, வருகிற நீண்ட எண்ணை 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. ஏன் 97? அது ஈரிலக்கப் பகா எண்களில் மிகப் பெரியது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால், மொத்த எண்ணில் ஏற்படும் வித்தியாசம் ஓர் ஒற்றை இலக்கத்தைப் பத்தின் அடுக்கு ஒன்றால் பெருக்கியதாக இருக்கும். அது எந்நாளும் 97ஆல் வகுபடாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் அப்படியே. இந்த இரண்டு வகைப் பிழையும் தப்பவே முடியாது. கிரெடிட் கார்டு எண்ணிலும் ஆதார் எண்ணிலும் கடைசி இலக்கம் இதே வேலையை வேறு முறைகளில் செய்கிறது. நம் வங்கிக் கணக்கு எண்களுக்குத்தான் அப்படி ஒரு பொது இலக்கணம் இல்லை. ஸ்டேட் வங்கி எண்ணுக்கு 11 இலக்கம், ஐசிஐசிஐக்கு 12, எச்டிஎஃப்சிக்கு 14. எண்ணை இரண்டு முறை அடிக்கச் சொல்லி இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதோடு நம்மிடையே சோதனை முடிந்துவிடுகிறது.

சோதனை இலக்கத்தின் எல்லையும் தெளிவானது. எண் இலக்கணப்படி சரியா என்று அது சொல்லும். யாருடைய எண் என்று சொல்லாது. திருடனின் கணக்கு எண்ணும் இலக்கணப்படி சுத்தமான எண்தான்.

ஆகவே பெயரைத் திரும்பவும் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. 2016இல் வந்த யுபிஐ இதைப் பிறவியிலேயே கொண்டிருந்தது. நீங்கள் ஒரு யுபிஐ முகவரியையோ கைபேசி எண்ணையோ உள்ளிட்டதும், பின் நம்பர் கேட்பதற்கு முன்பே, உங்கள் செயலி தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் வழியாக எதிர்முனைக்கு ஒரு கேள்வி அனுப்புகிறது: இந்த முகவரி இருக்கிறதா, இருந்தால் யாருடையது? பதிலாக வரும் பெயர்தான் திரையில் தெரிவது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டுக்கும் இதே வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இணைய வங்கியிலும் கைபேசிச் செயலியிலும் கிளையிலும், கட்டணம் இல்லாமல். ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பத் தொகையே குறைந்தது 2 லட்சம் ரூபாய் வேண்டும். டீக்கடைக்குப் பத்து ரூபாய் அனுப்பும்போது தெரிந்த பெயர், நிலம் வாங்க லட்சக்கணக்கில் அனுப்பும்போது தெரியாமல் இருந்தது என்பதை யோசித்தால் வேடிக்கைதான்.

யுபிஐயிலும் ஒரு பொத்தல் இருந்தது. க்யூஆர் கோடு என்பது உண்மையில் ஒரு சிறு வாக்கியம். ‘பிஏ’ என்ற குறிக்குப் பின்னால் பணம் போக வேண்டிய முகவரி, ‘பிஎன்’ என்ற குறிக்குப் பின்னால் பெறுபவரின் பெயர், வேண்டுமானால் தொகை. அந்தப் பெயரைக் கோடு தயாரிப்பவர் இஷ்டம்போல் எழுதலாம். தன் முகவரியைப் போட்டு, பெயர் இருக்குமிடத்தில் ஒரு கோயில் அறக்கட்டளையின் பெயரை எழுதி அச்சடிக்க எந்தத் தடையும் இல்லை. செயலி அந்தப் பெயரையோ, நீங்கள் தொடர்புப் பட்டியலில் சேமித்து வைத்த பெயரையோ காட்டினால், பார்ப்பவர் ஏமாந்துபோவார். 2025 ஏப்ரலில் பணப்பட்டுவாடாக் கழகம் இதை அடைத்தது: பரிவர்த்தனைக்கு முன்னும் பின்னும் வங்கிப் பதிவேட்டிலிருந்து வரும் பெயரை மட்டுமே காட்ட வேண்டும், க்யூஆரில் எழுதியிருப்பதையும் அனுப்புபவர் வைத்த செல்லப்பெயரையும் காட்டக் கூடாது. கெடு ஜூன் 30.

திரையில் பெயர் தெரிவது எவ்வளவு உபயோகமானது என்பதற்குக் கஜுராஹோ நல்ல சாட்சி. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்தின் அந்தச் சுற்றுலா ஊரில், இரவோடு இரவாகப் பல கடைகளின் க்யூஆர் கோடுகள் மேல் யாரோ தங்கள் கோடுகளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பெட்ரோல் பங்க்கும் தப்பவில்லை. காலையில் ஒரு மருந்துக்கடையில் பணம் செலுத்த ஸ்கேன் செய்தபோது திரையில் வேறொரு பெயர் வந்தது. அங்கே குட்டு உடைந்தது. பெயர் வந்ததால் மட்டும் உடையவில்லை. அதைப் படித்துப் பார்க்கவும் ஆள் இருந்ததால் உடைந்தது.

இந்தப் படித்துப் பார்க்கும் வேலையை யாரிடம் விடுவது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. பிரிட்டனின் முறை நேர் எதிரானது. அங்கே பெரிய வங்கிக் குழுமங்கள் 2020 முதல் நடத்திவரும் சரிபார்ப்பில், பெறுபவரின் பெயரை நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். நீங்கள் எழுதியதையும் எதிர்முனை வங்கியில் இருப்பதையும் கணினி ஒப்பிட்டு, பொருந்துகிறது, கிட்டத்தட்டப் பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று ஏதாவது ஒரு பதில் தரும். நெதர்லாந்தில் இது 2017லேயே தொடங்கியது. யூரோ நாடுகளின் வங்கிகளுக்கு 2025 அக்டோபர் 9 முதல் இது கட்டாயம். அங்கே கணினி கேட்கிறது, நீங்கள் சொல்கிறீர்கள். இங்கே கணினி சொல்கிறது, நீங்கள் தலையாட்டுகிறீர்கள்.

இரண்டுக்கும் இடையிலான தூரம் பார்வைக்குச் சிறியது, பலனில் பெரியது. தலையாட்டுவது பழகிப்போகும். 2025 ஆகஸ்டில் மட்டும் யுபிஐயில் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன; அத்தனை முறையும் அத்தனை பேரும் பெயரைப் படித்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. அதுவும் சின்னக் கடைகளில் ‘அம்மன் ஸ்டோர்ஸ்’ என்று பலகை தொங்கும், திரையில் கடைக்காரரின் மச்சான் பெயர் வரும். “அண்ணே, வேற பேர் காட்டுதே?” என்றால், “நம்ம பேர்தாம்பா, போடுங்க” என்பார். பெயர் பொருந்தாமல் இருப்பதே இயல்பு என்று நாள்தோறும் பயிற்சி பெறுகிறோம். அந்தப் பயிற்சி திருடனுக்குச் சாதகம்.

அப்படியானால் நாமும் பிரிட்டன் வழியில் கணினியையே ஒப்பிடச் சொல்லிவிடலாமே? அங்கேதான் 2010இல் ரிசர்வ் வங்கி கைவிரித்த அதே பிரச்சினை எதிரே நிற்கிறது: பெயர் ஒப்பீடு. இதற்குக் கணினிக்கும் முந்திய நூறாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற முறை, ஒலியில் நெருங்கிய ஆங்கிலப் பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்ப்பது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண்ணைத் தந்து மூன்று இலக்கம் எடுப்பார்கள். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் கே, எஸ், எச் போட்டு எழுதினாலும் எக்ஸ் போட்டு எழுதினாலும் குறியீடு எல்-250. அருமை. ஆனால் மலேசியத் தமிழர்கள் பலர் எழுதுவதுபோல் டி, சி, எச் போட்டு ‘லெட்சுமி’ என்றால் எல்-325 ஆகிவிடும். தமிழ்ச்செல்வியின் கதை இன்னும் மோசம். ழகரத்துக்கு எல் போட்டால் டி-542. இசட்டும் எச்சும் போட்டால் டி-524. சவுண்டெக்ஸ் கணக்கில் அவர் இரண்டு பெண்கள். முதல் எழுத்தை மாற்றாமல் வைப்பதால் ஜி போட்ட கணேசனும் கே போட்ட கணேசனும் சந்திக்கவே மாட்டார்கள். நமக்கோ இரண்டுக்கும் ஒரே ககரம்தான்.

இன்னொரு வழி, ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவது. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஸ்தைன் 1965இல் வகுத்தது. கே-எஸ்-எச் லட்சுமியை எக்ஸ் லட்சுமியாக்க மூன்று மாற்றம் தேவை: கேயை எக்ஸ் ஆக்க வேண்டும், எஸ்ஸையும் எச்சையும் நீக்க வேண்டும். ரமேஷை ராஜேஷ் ஆக்க? ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும், எம்முக்குப் பதில் ஜே. ஒரே ஆளுக்குத் தூரம் மூன்று, வெவ்வேறு ஆட்களுக்குத் தூரம் ஒன்று! எங்கே கோடு கிழிப்பது? இறுக்கமாகக் கிழித்தால் உண்மையான லட்சுமிக்குப் பணம் போகும்போதெல்லாம் எச்சரிக்கை மணி அடிக்கும். நாலாவது முறை யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தளர்வாகக் கிழித்தால் ராஜேஷ் ரமேஷாகப் புகுந்துவிடுவார்.

எழுத்துக்கூட்டலாவது பரவாயில்லை. தமிழ்ப் பெயரின் அமைப்பே ஒப்பீட்டு நிரலுக்குச் சவால். சு. முருகன் என்பவர் ஓர் ஆவணத்தில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் எஸ், பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணியன், ஏதோ ஒரு வடநாட்டு மென்பொருளின் புண்ணியத்தில் வேறெங்கோ திரு. சுப்பிரமணியன். திருமணமான பெண்ணுக்கு அப்பாவின் இனிஷியல் ஒரு கணக்கிலும் கணவரின் இனிஷியல் இன்னொரு கணக்கிலும் இருக்கும். சொற்களைத் தனித்தனியே பிரித்து, வரிசையைப் பொருட்படுத்தாமல், ஒற்றை எழுத்தை அதே எழுத்தில் தொடங்கும் முழுப் பெயரோடு பொருத்துமாறு நிரல் எழுதலாம். எழுதுகிறார்கள். ஆனால் எஸ் என்பது சுப்பிரமணியனுக்கும் பொருந்தும், செல்வராஜுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் எத்தனை எஸ். முருகன்கள்!

இதில் மனித மூளைக்கு நிகர் இல்லை. திரையில் ‘முருகன் எஸ்’ என்று வந்ததும், இது நம் சுப்பிரமணியன் மகன்தான் என்று நமக்கு யோசிக்காமலே தெரிகிறது. பெயரைக் காட்டிவிட்டு முடிவை மனிதரிடம் விட்ட இந்திய முறை, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கடினமான கணினிப் பிரச்சினையை லாகவமாகத் தாண்டிப் போயிருக்கிறது.

அதற்கு விலையும் உண்டு. பிரிட்டனில் பெயர் கிட்டத்தட்டப் பொருந்தினால்தான் உண்மைப் பெயரைக் காட்டுவார்கள். சற்றும் பொருந்தாவிட்டால் ‘பொருந்தவில்லை’ என்பதோடு சரி. அந்தக் கணக்கு யாருடையது என்று உங்களுக்குச் சொல்வதற்கில்லை. இங்கே யாருடைய கைபேசி எண்ணையும் பணம் அனுப்பும் கட்டத்தில் அடித்து, ஒரு ரூபாயும் அனுப்பாமல், வங்கிப் பதிவேட்டிலுள்ள பெயரைத் தெரிந்துகொள்ளலாம். பேருந்தில் யாரோ உரக்கச் சொன்ன எண்ணிலிருந்து ஒரு பெண்ணின் முழுப் பெயர் கிடைத்துவிடும். மோசடிக்காரருக்கும் இது வசதி: “வணக்கம், லட்சுமி மேடம்தானே பேசறீங்க?” என்று தொடங்கினால் பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது. கைபேசி எண் இல்லாத யுபிஐ முகவரியை வைத்துக்கொண்டு, வெளியாட்களிடம் அதை மட்டும் கொடுப்பது ஓரளவு காப்பு. என்னைக் கேட்டால், புதிய ஒருவருக்கு முதல்முறையாகப் பெரிய தொகை அனுப்பும்போது மட்டும் பெயரை நம்மையே எழுதச் சொல்லிவிட்டு அதன் பிறகு வங்கிப் பெயரைப் பக்கத்தில் காட்டலாம். டீக்கடையில் வேண்டாம், நில முன்பணத்துக்கு வேண்டும். எழுதும் நேரத்திலாவது, யாருக்கு அனுப்புகிறோம் என்ற கேள்வி மனதில் ஒருமுறை எழும்.

பெயர் சரிபார்ப்பு சொல்லும் பதிலின் அளவையும் கூட்டிப் பார்த்துவிடக் கூடாது. இந்தக் கணக்கு இந்தப் பெயரில் இருக்கிறது என்பதுதான் அதன் பதில். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசாஸ்கஸ் 2013க்கும் 2015க்கும் இடையில் கூகுளையும் ஃபேஸ்புக்கையும் 10 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றியது எப்படி? அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் கணினி வன்பொருள் விற்கும் ஆசிய நிறுவனம் ஒன்றின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். அதே பெயரில் வங்கிக் கணக்குகள் திறந்தார். போலி பில்களை அனுப்பினார். பணம் வந்து குவிந்தது. எந்தப் பெயர் சரிபார்ப்பைக் கொண்டு வந்து வைத்தாலும் பச்சை விளக்குதான் எரிந்திருக்கும். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு சிறை விதித்தது.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ வகையில் நடப்பது இன்னொரு விதம். சிபிஐ அதிகாரி என்று வீடியோ காலில் மிரட்டுபவர், ஏதோ ஒரு டிரேடிங் கம்பெனியின் கணக்கைக் கொடுத்து, ‘சரிபார்ப்புக்காக அனுப்புங்கள், திரும்ப வந்துவிடும்’ என்கிறார். திரையில் வரும் பெயருக்கும் சிபிஐக்கும் சம்பந்தமில்லை என்பது அனுப்புபவருக்கும் தெரிகிறது. ஆனால் பயந்த மனதுக்கு விளக்கம் ஏற்கெனவே ஊட்டப்பட்டுவிட்டது. பெயர் அங்கே தகவலாக இருக்கிறது, எச்சரிக்கையாக இல்லை. இந்த வகையில் பணம் தப்பிய செய்திகளைப் பார்த்தால், பெரும்பாலும் கிளையில் ஓர் ஊழியர், “இவ்வளவு பணத்தை எதுக்கும்மா அவசரமா எடுக்கறீங்க?” என்று கேட்டதால் தப்பியிருக்கிறது.

ஆளுக்குப் பதில் உரிமத்தைச் சரிபார்ப்பது ஒரு வழி. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 அக்டோபர் முதல் இதைச் செய்து பார்க்கிறது. பதிவு பெற்ற தரகர்கள், பரஸ்பர நிதி நிறுவனங்களின் யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல்லும் வங்கியின் பெயரும் சேர்ந்து வரும். பணம் கட்டும்போது பச்சை முக்கோணத்துக்குள் வெள்ளைக் கட்டைவிரல் தெரியும். செபியிடம் பதிவு இல்லாதவருக்கு அந்த முகவரி கிடைக்காது. வாட்ஸ்அப் குழுவில் பங்கு டிப்ஸ் கொடுத்துப் பணம் கேட்பவரை மடக்க, இவர் பெயர் என்ன என்பதைவிட இவருக்கு உரிமம் உண்டா என்பதே சரியான கேள்வி. வரி வசூல், மருத்துவமனை, கோயில் உண்டியல் என்று மற்ற இடங்களுக்கும் இதை ஏன் நீட்டக் கூடாது என்று தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது மியூல் கணக்குகள். கல்லூரி மாணவரோ கூலித் தொழிலாளியோ தன் ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்து முறைப்படி கணக்குத் திறந்து, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாவற்றையும் கமிஷனுக்கு ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். பெயர் உண்மை, முகவரி உண்மை, கைரேகை உண்மை. பணம்தான் திருட்டுப் பணம். இப்படிப்பட்ட கணக்கைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நடத்தையை வைத்துத்தான் முடியும். மாதக்கணக்கில் தூங்கிய கணக்கில் திடீரென்று பல ஊர்களிலிருந்து பணம் வந்து, வந்த வேகத்தில் சின்னச் சின்னத் தொகையாகச் சிதறி வெளியேறினால் அது சம்பளக் கணக்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய மியூல்ஹன்ட்டர் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், இப்படிப்பட்ட 19 வகை நடத்தைகளை ஆராய்ந்து கட்டப்பட்டது.

நிரல் எச்சரிக்கலாம், கணக்கை முடக்குவது வங்கி. அதற்கு வங்கிக்கு என்ன அவசரம் என்பது கணினியியல் கேள்வி இல்லை, காசுக் கேள்வி. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி, உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலைநாளுக்குள் புகார் செய்தால் காப்பாற்றுகிறது. ஏமாற்றப்பட்டு நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதை அது காப்பாற்றாது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதில் பாதியை அனுப்பிய வங்கி தருகிறது. மறுபாதியைத் தருவது, திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி.